ரெண்டாவது வரிசையில மஞ்சள் சுடிதார்

கொஞ்சம் தள்ளி உட்காரும்மா, இந்தப் பையெல்லாம் வச்சிக்கிறேன். ஊர்ப்பட்ட செருப்பை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க, எல்லாம் என் பையன் கம்பெனி ஆளுங்க. ‘ஆயா, பார்த்துக்கோங்க’ன்னாங்க, பறந்துட்டாங்க. சரி, அது கிடக்கட்டும். நீ மேல பாரு. அந்த ராட்டின ரயிலு கடகடன்னு ஏறுது பாரு, ரெண்டாவது வரிசையில மஞ்சள் சுடிதார் தெரியுதா? துப்பட்டாவை இடுப்புல சுத்திக் கட்டியிருக்கா. அவ என் மருமக. சுகந்தின்னு பேரு. முழுகாம இருக்கா.

ஆமாம்மா, உன் காதுல சரியாத்தான் விழுந்துச்சு. முழுகாம இருக்கிற பொண்ணுதான் அதுல போறா. ஒரு தடவைன்னா பரவாயில்லன்னு விடலாம். எறங்குறா, சுத்திக்கிட்டு வந்து திரும்ப வரிசையில நிக்கிறா. இந்தக் கூட்டத்துல, இந்த வெயில்ல, நின்னு நின்னு ஏறுறா. அது அந்த உச்சியில போய் ஒரு நிமிஷம் நிக்குது பாரு, நின்னுட்டு அப்படியே தலைகுப்புற விழுது. அவ விழுறா, இங்க நான் கண்ணை மூடிக்கிறேன். எனக்கு அழுகையா வருதும்மா.

நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. அந்த கேட்டுல நிக்கிற தம்பிகிட்ட போய்ச் சொல்லேன், அந்த மஞ்சள் சுடிதாரை உள்ள விடாதன்னு. நான் சொல்லிப் பார்த்துட்டேன். அங்கேயே போர்டு வச்சிருக்கான், வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒரு பொம்பளை படம், அது மேல சிவப்புல கோடு. அதைக் காட்டித்தான் சொன்னேன், தம்பி, அது மாசமா இருக்கிற பொண்ணுடான்னு. அவனும் நல்ல பையன், இவகிட்ட கேட்டான். இவ அவன் மூஞ்சை நேராப் பார்த்து, ‘இல்லீங்க’ன்னா. அவ்வளவுதான், கம்பியைத் தொறந்து விட்டுட்டான். சம்பந்தப்பட்டவளே இல்லங்கும்போது, செருப்பு மூட்டையோட நிக்கிற கிழவி பேச்சை யாரு எடுப்பா? எப்படித்தான் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்கு வந்துச்சோ.

உன் குழந்தைக்கு என்ன வயசு? பல்லு மொளைச்சிடுச்சா? இப்படிக் குடு, கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன், உனக்கும் கை கடுத்துப் போயிருக்கும். அழாதடா, அழாத. பழகாத மூஞ்சின்னு பார்க்குது. சரி சரி, நீயே வச்சிக்க. நான் விரலை மட்டும் புடிச்சிக்கிறேன்.

அவ வெறும் மருமக இல்லம்மா எனக்கு. என் கூடப்பொறந்த அண்ணன் மக. மாசிலாமணின்னு, வந்தவாசிப் பக்கம். எனக்கு அம்மா அப்பா போய்ச் சேர்ந்தப்புறம் தாய்வீடுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அண்ணிக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமே கிடையாது. சொந்தத்துல வேணாம், படிச்ச பொண்ணு, வெளியில பார்க்கலாம்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான்தான் அண்ணன் காலைப் புடிச்சிக்கிட்டு அழுதேன். இந்தக் கல்யாணம் நடந்துட்டா, நான் சாகுற வரைக்கும் எனக்கு அந்த வாசப்படி இருக்கும்ல? அந்தக் கணக்குதான். அண்ணன் கடைசியில எறங்கி வந்துச்சு. ‘அவனை நம்பி இல்ல நவநீதம், உன்னை நம்பித்தான் அனுப்புறேன்’னுச்சு. அந்த வார்த்தையைத்தான்மா அஞ்சு வருஷமா தலையில சுமந்துக்கிட்டுத் திரியுறேன்.

அஞ்சு வருஷம். நான் ஏறாத கோயில் இல்ல. மரத்துல தொட்டில் கட்டினேன், மண்சோறு தின்ன வச்சேன், யாரோ கொல்லிமலையில இருந்து லேகியம்னு கொண்டாந்தான், அதையும் மூக்கைப் புடிச்சி ஊட்டினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. அத்தை சொன்னா சரிதான்னு தின்னுடுவா. ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்க ஒரு டாக்டரம்மா, இவளைப் படுக்க வச்சி என்னென்னவோ படமெல்லாம் எடுத்துட்டு, இந்தப் பொண்ணுகிட்ட ஒரு கோளாறும் இல்ல, உங்க பையனை வரச்சொல்லுங்க, அவருக்கும் டெஸ்ட்டு எடுக்கணும்னுச்சு. கஜேந்திரன் போனான். போய் அந்தம்மா மேசையில ஒரு தட்டு தட்டி, என்னைப் பார்த்தா எப்படி இருக்குன்னு கத்திட்டு வந்துட்டான். அந்தம்மாவுக்கும் ஆம்பளைங்கன்னாலே ஆகாது போல. அவனுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு? ஆறடி ஆளு. ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல.

எங்க வீட்டுக்காரரு பரம்பரையில ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான், மலை மாதிரி இருப்பாங்க. ஆனா பாரு, அந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட பொண்ணுங்களுக்குத்தான் ராசியே கிடையாது. எங்க பெரிய மாமனாரு ரெண்டு கல்யாணம் பண்ணினாரு, ரெண்டு பொண்டாட்டியும் மலடி. சின்ன மாமனாருக்கும் அதே கதைதான். எனக்கே இவன் ஒருத்தன், அவனும் ஏழாம் வருஷம் பொறந்தான். அந்த ஏழு வருஷமும் எங்க மாமியா என்னைப் பந்தியில உட்கார விடாது. எங்க இருந்துதான் தேடித் தேடிப் புடிச்சிக்கிட்டு வருவாங்களோ, அந்த வீட்டுக்கு வர்றதெல்லாம் அப்படியே வாய்க்குது. ஆனா நான் சுகந்தியை ஒரு நாளு, ஒரு நாளு பந்தியில இருந்து எழுப்பினதில்லம்மா. அதை நீ யாரை வேணா கேட்டுக்கலாம்.

போன மாசம் அண்ணன் வந்திருந்துச்சு. இலை போட்டு உட்கார வச்சேன். கஜேந்திரனும் பக்கத்துல உட்கார்ந்தான். சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கேன், அவன் தலையைத் தூக்காமலே சொல்றான். ‘இன்னும் ஒரே ஒரு மாசம் பார்ப்பேன் மாமா. இல்லன்னா நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.’ அண்ணன் பாதிச் சோத்துல இலையை மடிச்சிட்டு எழுந்துச்சு. போகும்போது என்னைப் பார்த்துச்சு பாரு ஒரு பார்வை. அவளைக் கொண்டு போய் விட்டா நானும் அந்த வாசல்ல காலை வைக்க முடியாது. எம்மவன் முகத்துலயும் முழிக்க முடியாது. ரெண்டும் போச்சுன்னா நான் எங்கம்மா போவேன்?

அப்புறம்தான் நாள் தள்ளுச்சு. நான் நம்பல முதல்ல. தினம் காலையில அவ மூஞ்சையே பார்ப்பேன். கேக்க பயம். அவளா வந்து, ‘இன்னும் ஆகல அத்தை’ன்னா. அன்னையில இருந்து அவளை ஒரு துரும்பைத் தூக்க விடல. பப்பாளி கண்ணுல காட்டல, மாடிப்படி ஏற விடல, குளிக்கிற தண்ணியைக் கூட நான்தான் வெளாவி வச்சேன். அந்தக் குச்சி டெஸ்ட்டு வாங்கிப் பார்த்துடலாம் அத்தைன்னா. வேணாம்டி, அவசரப்பட்டா கண்ணு பட்டுடும், இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்னுட்டேன். வீட்டைவிட்டு வெளிய விடல. ஜன்னல்கிட்ட உட்கார்ந்துக்கிட்டு இருப்பா. ஒரு நாளு, ‘அத்தை, காத்தாட தெருமுனை வரைக்கும் போயிட்டு வரட்டுமா’ன்னு கேட்டா. தெருவுல நாயி இருக்கு, வேணாம்னேன்.

இன்னைக்கு அவன் கம்பெனியில ஃபேமிலி டேன்னு பஸ்ஸு விட்டாங்க. எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா மேனேஜரு எல்லாரும் குடும்பத்தோட வரணும்னு சொல்லிட்டாராம், வரலன்னா இவனுக்குக் கௌரவக் குறைச்சல். சரி, நானும் வரேன்டா, கூடவே இருந்து பார்த்துக்கிறேன்னு கிளம்பிட்டேன். பஸ்ஸுல முன் சீட்டுல உட்கார வச்சேன் அவளை, தூக்கிப் போடக்கூடாதுன்னு. எனக்குப் பக்கத்துல மேனேஜரு சம்சாரம். நல்ல மாதிரி பேசிக்கிட்டே வந்துச்சு. உங்க மருமகளுக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேட்டுச்சு. நான் என்ன பண்ணுவேன்? அந்தக் கேள்வியை அஞ்சு வருஷமா கேட்டுக் கேட்டுப் புளிச்சிப் போச்சு. என்னால அடக்க முடியல. இப்பத்தான் முழுகாம இருக்கான்னு காதுல சொன்னேன். காதுலதான் சொன்னேன். பஸ்ஸு டோல்கேட்டைத் தாண்டுறதுக்குள்ள பின்சீட்டு வரைக்கும் போயிடுச்சு. பசங்க எல்லாம் கஜேந்திரனைத் தூக்கி வச்சிக்கிட்டு விசிலடிக்கிறானுங்க. அவன் சிரிச்சான்மா. எம்புள்ளை பல்லு தெரியச் சிரிச்சதைப் பார்த்து எத்தனை காலமாச்சு. திரும்பி சுகந்தியைப் பார்த்தேன். அவ ஜன்னல் பக்கம் மூஞ்சைத் திருப்பிக்கிட்டா. வெக்கம்னு நினைச்சேன்.

இங்க வந்து எறங்கினோம். ஆம்பளைங்க எல்லாம் ஒரு பக்கம் போயிட்டானுங்க, மேனேஜரோட ஏதோ கயிறு இழுக்கிற போட்டியாம். நான் இவளைக் கூட்டிட்டு நெழலு தேடிக்கிட்டு இருந்தேன். தண்ணி விளையாடுற இடம் இருக்கு பாரு, மேல பெரிய வாளி ரொம்பி ரொம்பிக் கவுந்து எல்லார் தலையிலயும் கொட்டுதே, அதுகிட்ட ஒரு மேடை இருந்துச்சு, அங்க உட்கார்ந்தோம். பாத்ரூம் போயிட்டு வரேன்னு போனா. போனவ வரவேயில்ல. கூட்டம் நெரியுது, எவளைப் பார்த்தாலும் ஈரத்தலை, எது நம்ம புள்ளைன்னே தெரியல. பதறிப் போயிட்டேன். அப்புறம் வந்தா. வந்து என் முன்னாடி நின்னா. உட்காரல. ‘அத்தை’ன்னா. என்னடின்னேன். ‘அத்தை, நான் தலைக்கு ஊத்திக்கிட்டேன்’னா.

எனக்கு வந்துச்சே கோவம். உனக்கு அறிவிருக்காடி, இந்த நேரத்துல போய் யாராச்சும் தலைக்கு ஊத்திக்குவாங்களா, கண்டவன் குளிச்ச தண்ணி, சளி புடிச்சி ஜன்னி வந்தா வயித்துல இருக்கிறது என்னத்துக்கு ஆகுறதுன்னு திட்டினேன். புடிச்சி உட்கார வச்சி என் முந்தானையை எடுத்துத் துவட்டினேன். நல்லா அழுத்தித் துவட்டினேன். முடி காஞ்சிதான் இருந்துச்சு. இந்த வெயிலுக்கு உடனே காஞ்சிடும்ல. அவ என் கையைப் புடிச்சா. புடிச்சி, திரும்பவும் நிறுத்தி நிதானமா, ‘அத்தை, தலைக்கு ஊத்திக்கிட்டேன், புரியுதா’ங்கிறா. புரியுதுடி, ஊத்திக்கிட்ட, அதான் துவட்டுறேனேன்னேன்.

அவ சிரிச்சா. சிரிக்கிறா, கண்ணுல தண்ணி கொட்டுது. எழுந்திருச்சா. துப்பட்டாவை எடுத்து இடுப்புல கட்டினா, செருப்பைக் கழட்டி என்கிட்ட போட்டா, நேரா இங்க வந்து வரிசையில நின்னுட்டா. நான் பின்னாடியே ஓடி வரேன், சுகந்தி, சுகந்தின்னு. திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்கு எதிர்த்து அவ பண்ணின முதல் காரியம் இதுதான்மா. அஞ்சு வருஷத்துல முதல் காரியம்.

ஒரு தடவை எறங்கி வந்தப்ப புடிச்சி நிறுத்தினேன். தலையெல்லாம் கலைஞ்சி, மூஞ்சி செவந்து போயிருக்கு. ஏன்டி இப்படிப் பண்ற, என்னைப் பார்த்தா பாவமா இல்லையான்னேன். ‘அங்க மேல போய் நிக்குதுல்ல அத்தை, அப்ப யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை’ன்னா. இதுக்கு என்னம்மா அர்த்தம்? அம்மாம் பெரிய ரயிலு தலைகீழாத் தொங்கும்போது யாரு என்ன கேப்பா? அதைச் சொல்லிட்டு மறுபடியும் போயிட்டா.

என்னம்மா அப்படிப் பார்க்குற?

ம்?

என்ன சொன்ன? இந்தச் சத்தத்துல கேக்கல.

வேணாம். திரும்பச் சொல்லாத. கேட்டுச்சு. நீ சின்னப் பொண்ணு, உனக்கே புரிஞ்சிடுச்சு.

எனக்குப் புரியாதாம்மா? நானும் பொம்பளைதானே. எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த வார்த்தை அது. தூரம்னு எங்க வீட்டுல எந்தப் பொம்பளையும் வாயைவிட்டுச் சொன்னதில்ல, தலைக்கு ஊத்திக்கிட்டேன்னுதான் சொல்லுவோம். மாசா மாசம் அவ வந்து அதே மாதிரிதான் என் முன்னாடி நிப்பா, நின்னுக்கிட்டே அதே வார்த்தையைத்தான் சொல்லுவா. நானும் சரின்னு தலையை ஆட்டிட்டு அவளுக்கு வேற பாயை எடுத்துப் போடுவேன். அவ வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும்மா எனக்கு. தெரிஞ்சிதான் துவட்டினேன். சுத்தி எல்லாரும் நனைஞ்சி நிக்கிறாங்க, நான் துவட்டிட்டா அது வெறும் தண்ணின்னு ஆயிடாதான்னு பார்த்தேன். ஆகலை. என்ன பண்றது, ஆகலை.

பஸ்ஸு பூரா சொல்லிட்டேனே. அவனை எல்லாரும் தூக்கி வச்சி ஆடிட்டாங்களே. இப்ப போய், இல்லடா, அது சும்மா நாள் தள்ளிப் போச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? இன்னைக்கு ராத்திரியே அவளைக் கொண்டு போய் விட்டுடுவான். மானம் போச்சுன்னு அடிச்சாலும் அடிப்பான். அவன் கெட்டவன் இல்ல. கோவக்காரன், அவ்வளவுதான்.

நீ கேக்குறது நியாயம்தான். அவனும் போய் அந்த டெஸ்ட்டை எடுத்தா என்னன்னு கேக்குற. உன் வீட்டுக்காரரு போனாரா? போனாரா, அப்படியா. உங்க காலம் வேற. எங்க பெரிய மாமனாரு, சின்ன மாமனாரு, எங்க வீட்டுக்காரரு... வேணாம், அதை நினைக்கவே பயமா இருக்கு. அதுல ஏதாச்சும் எழுதி வந்துடுச்சுன்னா எம்புள்ளை செத்துப் போயிடுவான்மா. ஆம்பளையால அதைத் தாங்க முடியாது. பொம்பளைன்னா தாங்கிக்குவா. நான் தாங்கலையா?

இரு. இரு, எனக்கு ஒண்ணு தோணுது. அவ இதுல ஏறினாள்ல? கம்பெனி ஆளுங்க பாதிப் பேரு பார்த்திருக்காங்க. மஞ்சள் சுடிதாரை யாரு மறப்பா? அப்ப, தங்கியிருந்துச்சு, இதுல ஏறினதால கலைஞ்சிடுச்சுன்னு சொன்னா? நம்புவாங்களா மாட்டாங்களா? நம்புவாங்க. ஒரு தடவை தங்கினவளுக்கு மறுபடி தங்கும்னு எந்த டாக்டரும் சொல்லுவான். அப்புறம் எவனும் அவளை மலடின்னு சொல்ல முடியாது. அவனும் அனுப்ப மாட்டான். ஒரு வருஷம் கிடைக்கும்மா. ரெண்டு வருஷம் கூடக் கிடைக்கும்.

ஆனா ஏன்டி ஏறினன்னு அவளைக் கொன்னுடுவான். அதுக்குத்தான் நான் இருக்கேன். நானும் ஏறிடுறேன். இந்தக் கிழட்டு முண்டைக்கு இந்த வயசுல ரயிலு கேக்குது, தனியா ஏற பயந்துக்கிட்டு வயித்துப் புள்ளைக்காரியையும் இழுத்துட்டுப் போயிட்டான்னு எல்லாரும் என்னைத் திட்டட்டும். அவனும் திட்டட்டும். அம்மாவை எத்தனை நாளைக்குத் திட்டிடுவான்? சோறு கேக்க வந்துதானே ஆகணும். அண்ணன்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன், உன் பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் கெடுத்தேன்னு. அது என்னைத் திரும்ப வீட்டுக்குள்ள விடுமோ விடாதோ. அவளை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அது போதும்.

அவளைக் கேக்கவா? அவகிட்ட எதுக்கும்மா கேக்கணும்? கேட்டா வேணாம்னுடுவா. உண்மையைச் சொல்லிட்டுப் போறேன் அத்தைன்னுடுவா, இப்பல்லாம் அவ பேச்சு அப்படித்தான் போகுது. அந்த கேட்டுத் தம்பிகிட்டயே நேராச் சொன்னாளே. சின்னப் புள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் நாமதான் பார்த்து முடிக்கணும். ஏறும்போது காதுல சொல்லிடுறேன்.

எனக்குப் பிரஷர் இருக்கு, மாத்திரை போட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சிடும்.

அதோ எறங்கிட்டா பாரு, படியில வரா. திரும்ப வரிசைக்குத்தான் போவா, நான் முன்னாடி போய் நின்னுக்கணும். ஐயோ, அவனும் வரான். அங்க பாரு, ஐஸ்கிரீம் கடைகிட்ட, ஊதாச் சட்டை, கையில எளநி வச்சிருக்கான். ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு வரான், சிந்திடப் போகுதுன்னு. அவளுக்குத்தான் வாங்கிட்டு வரான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவளுக்குன்னு அவன் ஒரு பொருள் கையில தூக்கி வந்து நான் பார்த்ததில்லம்மா.

அழக்கூடாது. இந்தா, இந்தப் பையை மட்டும் உன் காலடியில வச்சிக்க. நான் போறேன். அவன் இங்கதான் வருவான், இந்த பெஞ்சுக்குத்தான் வருவான், எங்கம்மா எங்கன்னு கேப்பான். நீ ஒண்ணும் நிறையச் சொல்ல வேணாம். அந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னு அழுதுச்சு, கிழவிதான் கையைப் புடிச்சித் தரதரன்னு இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லு, போதும். மடியில புள்ளை வச்சிருக்க, நீ சொன்னா நம்புவான்.